கனமில்லாக் கவசம்

நுழையும்முன்

பள்ளி ஆண்டுவிழாவில் மாறுவேடப் போட்டி அறிவிக்கப்பட்டதும் வகுப்பறைகளில் ஒரே பேச்சாக இருக்கும். பாரதியார், கட்டபொம்மன், ஜான்சிராணி ஆகியோரோடு அயர்ன் மேனும் இப்போது மேடை ஏறுகிறார். கடையில் கிடைக்கும் ஆயத்த உடை எல்லாருக்கும் ஒரே அளவில் தைக்கப்பட்டது. ஆகவே, அது எவருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. உடலுக்குப் பொருந்தும் வீரக் கவசத்தை நாமே செய்துகொள்ள முடியும். அதற்கான வழிமுறைகளையும், அவ்வழியில் நமக்கு முன்னே நடந்த கலைஞர்களின் அறிவையும் இப்பாடத்தில் அறிவோம்.

மெய்யை மறைப்பது

போர்க்களத்தில் உடலைக் காக்கும் உறையைக் கவசம் என்கிறோம். சங்கத் தமிழில் இதற்கு ‘மெய்ம்மறை’ என்னும் அழகிய சொல் உண்டு. மெய் என்பது உடல். அதை மறைத்துக் காப்பது மெய்ம்மறை. சேர மன்னர்களின் புகழைப் பாடும் பதிற்றுப்பத்தில், தம் வீரர்களுக்கு முன்நின்று காக்கும் அரசர்கள் அவ்வீரர்களின் மெய்ம்மறை என்று போற்றப்படுகின்றனர். அச்சேரர்கள் ஆண்ட நிலத்தில்தான் இன்று பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் நாம் இப்பாடத்தைப் படிக்கிறோம்.

பாரதக் கதையில் வரும் கர்ணன் கவசத்தோடு பிறந்தவன். அவனுடைய கவசத்தை யாரும் அளவெடுத்துச் செய்யவில்லை. தோலைப் போல உடலோடு ஒட்டியே இருந்தது. உடல் வளர வளரக் கவசமும் வளர்ந்திருக்க வேண்டும்! நமக்கு அந்தப் பேறு இல்லை. ஆகவே, பிறவியில் கிடைக்காத பொருத்தத்தை அளவுநாடாவினால் பெற வேண்டும். கவசம் செய்யும் கலையின் முதற்பாடம் இதுவே.

பார்வைக்குக் கனம், உடலுக்கு இலேசு

போர்வீரனின் கவசம் வாளைத் தாங்க வேண்டும். மேடைக் கவசம் பார்வையாளரின் கண்ணை நம்பவைத்தால் போதும். அதே நேரத்தில், அணிந்தவர் ஆடவும் பேசவும் அது இடங்கொடுக்க வேண்டும். பார்ப்பதற்குக் கனமாகவும் சுமப்பதற்கு இலேசாகவும் இருப்பதே நல்ல மேடைக் கவசம். இந்த இரகசியத்தை நம் கலைஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர்.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் ஆடப்படும் கூத்தை எடுத்துக்கொள்வோம். துரியோதனனாகவோ கர்ணனாகவோ வேடம் புனைபவர் தலையில் உயர்ந்த கிரீடம், தோள்களில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் ஆகியவற்றை அணிவார். இவை பொன்னாலோ இரும்பாலோ ஆனவை அல்ல, மரத்தில் செதுக்கப்பட்டவை. இந்த மர அணிகலன்களுக்குக் ‘கட்டை’ என்று பெயர். கட்டைக்கூத்து என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. இவற்றைச் செய்யக் கல்யாண முருங்கை போன்ற இலேசான, மென்மையான மரங்களையே கலைஞர்கள் தேர்ந்தெடுத்தனர். மரத்தின்மேல் வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்படும். விளக்கொளி அவற்றில் பட்டுத் தெறிக்கும்போது, வயலோரத்தில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு மரம் பொன்னாகிவிடும். இரவு தொடங்கி விடியும்வரை நடைபெறும் கூத்தில் கனமான அணிகலன்களைச் சுமந்து சுழன்றாட யாரால் இயலும்?

நாம் வாழும் பாலக்காட்டு மாவட்டத்திலும் இதே அறிவைக் காணலாம். கதகளி மரபுக்குப் பெயர்பெற்ற வெள்ளிநேழி இம்மாவட்டத்து ஊராகும். கதகளிக்குரிய கிரீடம் முதலிய அணிகலன்களை மலையாளத்தில் ‘கோப்பு’ என்பர். கதகளிக் கிரீடத்தைக் குமிழ மரத்தில் செதுக்குவர். அம்மரமும் எடை குறைந்தது. அகன்ற வட்டத்தோடு விளங்கும் அக்கிரீடத்தைத் தொலைவிலிருந்து காண்போர் அது பெருஞ்சுமை என்றே எண்ணுவர். ஆனால், அதை அணிந்த நடிகரோ புருவத்தையும் கண்ணையும் அசைத்து நுட்பமான நடிப்பை நிகழ்த்துவார்.

கல்யாண முருங்கையும் குமிழும் செய்த வேலையை இக்காலத்தில் நுரைத்தகடு செய்கிறது. கடைகளில் ‘ஈ.வி.ஏ. ஃபோம்’ என்று கேட்டால் இதைத் தருவார்கள். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது இதன் முழுப்பெயர். செருப்பின் அடிப்பகுதியிலும், குழந்தைகள் விளையாடும் தரைவிரிப்பிலும் நாம் அன்றாடம் காணும் பொருள்தான் இது. இதனுள் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற காற்றுக் குமிழிகள் மூடிய அறைகளைப் போல நிறைந்துள்ளன. தகட்டின் பெரும்பகுதி காற்றே ஆதலால் எடை மிகக் குறைவு. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இரும்புத் தகடு ஏறத்தாழ 8 கிலோ இருக்கும். அதே பரப்பில் பத்து மடங்கு தடித்த நுரைத்தகடோ பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும்.

அளவெடுத்தல்

கவசத்தின் உள்ளே எந்த உடையை அணியப் போகிறீர்களோ, அதை அணிந்துகொண்டே அளவெடுக்க வேண்டும். உங்களுக்கு நீங்களே அளவெடுத்தால் உடல் வளைந்து அளவு பிழையாகும். எனவே, நேராக நின்று பிறரைக் கொண்டு அளவெடுக்கச் செய்யுங்கள். மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோள் அகலம், கழுத்தின் பின்புறத்திலிருந்து இடுப்புவரை உள்ள நீளம், முழங்கைக்குக் கீழும் மணிக்கட்டிலும் உள்ள சுற்றளவு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மார்பை அளக்கும்போது மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தி, அந்த அளவையே கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முன்கையின் சுற்றளவு 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சரியாக 20 சென்டிமீட்டர் நீளத்தில் தகட்டை வெட்டிக் கையைச் சுற்றினால் முனைகள் ஒன்றையொன்று தொடா. ஏன்? துணிக்குத் தடிமன் மிகக் குறைவு. நுரைத்தகட்டுக்குத் தடிமன் உண்டு. வளைக்கும்போது அதன் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுவிலுள்ள அடுக்கே நீளம் மாறாமல் இருக்கும். அந்த நடு அடுக்கின் சுற்றளவைக் காண, கையின் சுற்றளவோடு தகட்டின் தடிமனை 3.14 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். தகடு 10 மில்லிமீட்டர், அதாவது 1 சென்டிமீட்டர் தடிமன் கொண்டதாயின், 20 + 3.14 = 23.14 சென்டிமீட்டர் தேவை. 5 மில்லிமீட்டர் தகடாயின் 20 + 1.57 = 21.57 சென்டிமீட்டர் தேவை. கணக்குப் பாடத்தில் படித்த வட்டத்தின் சுற்றளவு இங்கே கைமேல் பலன் தருவதைப் பாருங்கள்! கை தாராளமாக நுழைவதற்காக மேலும் ஓரிரு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்வது நல்லது.

தாளில் ஒத்திகை

நாடகத்துக்கு ஒத்திகை இருப்பதுபோலக் கவசத்துக்கும் ஒத்திகை உண்டு. விலை கொடுத்து வாங்கிய தகட்டில் உடனே கத்தியை வைத்தல் கூடாது. பழைய செய்தித்தாளிலோ அட்டையிலோ முதலில் வடிவங்களை வெட்ட வேண்டும். மனித உடலின் இடப்பாதியும் வலப்பாதியும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், பாதி மார்புக்கு மட்டும் வடிவம் வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மறுபாதியையும் வரையலாம். இப்படிச் செய்தால் இருபுறமும் ஒத்திருக்கும், உழைப்பும் பாதியாகும்.

தாள்வடிவங்களை ஒட்டுநாடாவால் இணைத்து உடலில் அணிந்து பாருங்கள். பின்னர் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். நாற்காலியில் அமருங்கள். குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டுங்கள். மாடிப்படிகளில் நான்கு படி ஏறி இறங்குங்கள். எங்கே தாள் கிழிகிறதோ, அங்கே கவசம் உடலைத் தடுக்கிறது என்று பொருள். கிழிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வடிவத்தைத் திருத்துங்கள். தாள் கிழிந்தால் நட்டமில்லை. மேடையில் கவசம் கிழிந்தால் திருத்த நேரமில்லை.

தட்டையிலிருந்து வளைவு

ஆரஞ்சுப் பழத்தோலை உரித்துத் தரையில் வைத்து அழுத்தினால் அது ஓரங்களில் கிழியும். உருண்டையான பரப்பைக் கிழிக்காமல் தட்டையாக்க இயலாது. அவ்வாறே, தட்டையான தகட்டை வெட்டாமல் உருண்டையாக்குவதும் கடினம். தோளும் தலையும் உருண்டை வடிவின. தட்டைத் தகட்டை அவற்றுக்கு ஏற்ப மாற்றுவது எப்படி?

வட்டமான தாளில் ஓரத்திலிருந்து நடுப்புள்ளிவரை ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி நீக்குங்கள். வெட்டிய இரு ஓரங்களையும் சேர்த்தால் தாள் கூம்பாக எழும்பும். ஒரே பெரிய ஆப்புக்குப் பதிலாக, நடுப்புள்ளியைத் தொடாத பல சிறிய ஆப்புகளை ஓரத்தைச் சுற்றி வெட்டிச் சேர்த்தால் கூம்பு மறைந்து குவிந்த வடிவம் தோன்றும். சட்டை தைப்பவர்கள் இடுப்பருகே துணியைப் பிடித்துத் தைத்து உடலின் வளைவைக் கொண்டுவருவதும் இதே முறைதான். அதை அவர்கள் ‘டாட்’ என்பார்கள்.

வெப்பமும் வளைவுக்குத் துணைசெய்யும். வெப்பக்காற்றுக் கருவியால் மிதமாகச் சூடாக்கினால் நுரைத்தகடு இளகும். இளகிய தகட்டைக் குடத்தின்மீது வைத்து அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் குடத்தின் வளைவைத் தகடு ஏற்றுக்கொள்ளும். அதன் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளும் ஓரளவு மூடிக்கொள்ளும். ஆகவே, பின்னர்ப் பூசும் வண்ணம் உள்ளே உறிஞ்சப்படாது. அளவுக்கு மீறிச் சூடாக்கினால் தகடு கருகித் தீய புகை வெளிவரும். இவ்வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

வெட்டலும் ஒட்டலும்

மழுங்கிய கத்தி தகட்டைப் பிய்க்கும். கூரிய கத்தியே வழுவழுப்பாக வெட்டும். கத்தியை நேர்செங்குத்தாகப் பிடித்தால் ஓரமும் நேராக அமையும். இரு துண்டுகளின் ஓரங்களையும் 45 பாகை சாய்வாக வெட்டி இணைத்தால் 90 பாகை மூலை கிடைக்கும். கூரிய கருவியைக் கையாளும் இவ்வேலைக்கும் பெரியவர்களின் துணை கட்டாயம் தேவை.

செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் இரப்பர் பசை நுரைத்தகட்டுக்கு ஏற்றது. பலர் அதை ஒரு பக்கத்தில் மட்டும் தடவி உடனே ஒட்டிவிட்டு, நிற்கவில்லையே என்று வருந்துவர். இப்பசையை இரண்டு ஓரங்களிலும் மெல்லியதாகப் பூசிக் காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாத நிலை வந்ததும் இரு ஓரங்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்த நொடியிலேயே பிடித்துக்கொள்ளும். பிரித்து மாற்ற இயலாது. எனவே, முதலில் இரு முனைகளையும், அடுத்து நடுப்பகுதியையும் இணைத்த பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். இப்பசையின் ஆவி தலைச்சுற்றலை உண்டாக்கும். மூடிய அறையில் இதைத் திறக்கவே கூடாது. காற்றோட்டமான முற்றத்திலோ திண்ணையிலோ நெருப்புக்கு அப்பால் அமர்ந்து பெரியவர்களோடு செய்யுங்கள்.

இரும்பின் தோற்றம்

முழுவதும் வெள்ளி வண்ணம் பூசினால் கவசம் பொம்மைபோலத் தோன்றும். உண்மையான உலோகத்தில் பள்ளங்கள் இருண்டும், உராயும் விளிம்புகள் ஒளிர்ந்தும் இருக்கும். எனவே, முதலில் கறுப்பு வண்ணத்தைப் பூசி உலர விடுங்கள். அதன்மேல் வெள்ளி வண்ணத்தைப் பூசுங்கள். பள்ளங்களில் கறுப்பு அப்படியே இருக்கட்டும். இறுதியாக, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் மட்டும் பளிச்சிடும் வண்ணத்தை இலேசாகத் தேய்த்தால் பழகிய இரும்பின் தோற்றம் கிடைத்துவிடும். கூத்துக் கலைஞர் கண்ணாடித் துண்டுகளால் விளக்கொளியைத் தெறிக்கச் செய்ததும், நாம் தூரிகையால் ஒளியையும் நிழலையும் தீட்டுவதும் ஒரே நோக்கமுடையவை.

உடலோடு பொருத்துதல்

கவசத்தை ஒரே கூடாகச் செய்தால் அதற்குள் மனிதர் சிலையாகிவிடுவார். முழங்கை, முழங்கால், இடுப்பு, கழுத்து ஆகிய மூட்டுகளில் கவசத்தைப் பிரித்துவிட வேண்டும். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, முன்கைக்கு இரண்டு என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து, நெகிழும் எலாஸ்டிக் பட்டைகளாலும் வெல்க்ரோ பட்டைகளாலும் இணைக்க வேண்டும். மார்புக்கவசத்தின் எடையைத் தோள்கள் தாங்க வேண்டும். கழுத்து ஒருபோதும் தாங்கக் கூடாது.

எங்கே காக்க வேண்டுமோ அங்கே மூடி, எங்கே அசைய வேண்டுமோ அங்கே திறந்துவிடும் உடையை மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களில் நாள்தோறும் காணலாம். தேயிலை பறிப்பவர்கள் இடுப்பைச் சுற்றித் தடித்த விரிப்பைக் கட்டியிருப்பார்கள். செடியின் கிளைகள் உரசும் இடம் அது. பனிநீர் நனைக்கும் இடமும் அது. கொழுந்து கிள்ளும் கைகளோ தடையின்றி இயங்கும். உங்களில் பலருடைய இல்லங்களிலும் அந்த விரிப்பு இருக்கலாம். எந்தத் திரைப்பட வீரனின் கவசத்துக்கும் குறையாத மெய்ம்மறை அது.

தலைக்கவசத்தைச் சற்றுப் பெரிதாகவே செய்து, உட்புறத்தில் நெற்றி, பிடரி, உச்சி ஆகிய இடங்களில் மெத்தென்ற துண்டுகளை ஒட்டுங்கள். கதகளி நடிகரும் தலையில் துணியைச் சுற்றி, அதன்மேல்தான் கிரீடத்தை வைத்துக் கட்டுவார். கண்களும் மூக்கும் வாயும் மறையாதிருத்தல் வேண்டும். பக்கவாட்டில் வருபவரையும் காலடியில் இருக்கும் படியையும் காண இயலாத தலைக்கவசம், எவ்வளவு அழகாயினும், பயன்படாது.

அணியும் வரிசையும் முக்கியம். காலிலிருந்து தொடங்கி மேலே செல்லுங்கள். மார்புக்கவசத்தை முதலில் அணிந்துவிட்டால் குனிந்து கால்கவசத்தைக் கட்டுவது துன்பம். கதகளியில் மேடை ஏறும் வேளை நெருங்கிய பின்னரே கிரீடம் தலையில் ஏறும். நாமும் தலைக்கவசத்தைக் கடைசியாகவே அணிவோம்.

வெயிலை மறவாதீர்

மூணாற்றின் குளிரில் நுரைக்கவசம் கதகதப்பைத் தரும். பாலக்காட்டுக் கோடையிலோ வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதுண்டு. எடையைக் குறைத்த அதே காற்றுக் குமிழிகள் உடலின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கின்றன. வியர்வையும் உலர வழியில்லை. எனவே, அக்குளிலும் முதுகிலும் திறப்புகளை விடுங்கள்; உள்ளே மெல்லிய பருத்தி உடை அணியுங்கள்; உங்கள் முறை வரும்வரை கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் அமர்ந்திருங்கள்; போதிய நீர் அருந்துங்கள். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே கழற்றிவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதற்காகவே, எந்தத் துண்டையும் பிறர் உதவியின்றி ஒரு நிமிடத்துக்குள் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். பரிசு அடுத்த ஆண்டும் கிடைக்கும்.

கல்யாண முருங்கையைச் செதுக்கியவரும், குமிழைக் குடைந்தவரும், நுரைத்தகட்டை வளைக்கும் நீங்களும் ஒரே தொழிலைத்தான் செய்கிறீர்கள். உள்ளே இருக்கும் மனிதர் மூச்சுவிட வேண்டும், ஆட வேண்டும், நெடுநேரம் களைக்காமல் நிற்க வேண்டும் என்னும் அக்கறையே அத்தொழிலின் அடிப்படை. அளவுநாடாவைக் கையில் எடுங்கள். இரும்புமனிதனாக வேண்டுமா, கர்ணனாக வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

சொல்லும் பொருளும்

மெய்ம்மறை – கவசம்
புஜகீர்த்தி – தோளில் அணியும் அணிகலன்
கோப்பு – கதகளி அணிகலன்
பிடரி – கழுத்தின் பின்புறம்
ஒத்திகை – முன்கூட்டியே செய்துபார்த்தல்
கொழுந்து – இளந்தளிர்

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. மெய்ம்மறை
2. விளக்கொளி
3. எடையைக் குறைத்த – இத்தொடரில் இடையே மிகுந்துள்ள எழுத்து யாது?

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கட்டைக்கூத்து என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. கூத்துக்கும் கதகளிக்கும் உரிய கிரீடங்கள் எம்மரங்களில் செய்யப்படுகின்றன? அம்மரங்களின் பொதுப்பண்பு யாது?
3. இரப்பர் பசையை எவ்வாறு பயன்படுத்த வேண்டும்?

இ. கணக்கிடுக.
உங்கள் நண்பரின் முன்கைச் சுற்றளவு 18 சென்டிமீட்டர். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் முன்கைக்கவசம் செய்ய எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்? விடை கண்ட முறையைத் தமிழில் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
‘எங்கே காக்க வேண்டுமோ அங்கே மூடி, எங்கே அசைய வேண்டுமோ அங்கே திறந்துவிடும் உடை’ – உங்கள் வீட்டிலோ ஊரிலோ உழைப்பவர்கள் அணியும் இத்தகைய உடை ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. அவ்வுடைக்கு வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயரையும், அதற்கு ஈடான மலையாளப் பெயரையும் குறிப்பிடுக.